வழக்கறிஞருக்கு சம்மன் அனுப்ப முடியுமா? கட்சிக்காரரின் ரகசியம் குறித்து சட்டம் சொல்வது என்ன?

புதுடெல்லி: ஒருவர் மீது குற்ற வழக்கு பதிவாகிறது. அவர் ஒரு வழக்கறிஞரை அணுகி, நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்லி, தனக்காக வாதாடும்படி கேட்டுக்கொள்கிறார். சில நாள்களில் அந்த வழக்கறிஞருக்கே காவல் நிலையத்தில் இருந்து அழைப்பு வருகிறது. "உங்களிடம் அவர் என்ன சொன்னார்?" என்பதுதான் அங்கே கேட்கப்படவிருக்கும் கேள்வி. இப்படி ஓர் அழைப்பை விசாரணை அதிகாரி அனுப்ப சட்டம் இடம் தருகிறதா? அந்தக் கேள்விக்கு வழக்கறிஞர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

2025ஆம் ஆண்டில் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்ட இந்தக் கேள்விக்கு, அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விரிவான விடை அளித்தது. இது வழக்கறிஞர்களின் தொழில் சார்ந்த பிரச்சினை மட்டும் போலத் தோன்றலாம். ஆனால் சட்டம் காப்பது வழக்கறிஞரின் வசதியை அல்ல, அவரை நம்பி வாய் திறந்தவரின் உரிமையை. நீதிமன்ற வழக்கில் அப்படி வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டவரைக் 'கட்சிக்காரர்' என்று அழைப்பர்.

சர்ச்சை தொடங்கியது எப்படி?

இந்த விவாதத்துக்கு இரண்டு நிகழ்வுகள் காரணமாக அமைந்தன. முதலாவது குஜராத்தில் நடந்தது. கடன் தொடர்பான ஒரு வழக்கில் கைதானவருக்காக ஆஜராகி ஜாமீன் பெற்றுத் தந்த வழக்கறிஞருக்கு, 2025 மார்ச் மாதம் அகமதாபாத் காவல்துறை நோட்டீஸ் அனுப்பியது. வழக்கின் விவரங்களை அறிவதற்காக நேரில் ஆஜராக வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதை ரத்து செய்யக் கோரி அவர் தாக்கல் செய்த மனுவை குஜராத் உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் தள்ளுபடி செய்தது. இதையடுத்து அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

இரண்டாவது நிகழ்வு அமலாக்கத்துறை தொடர்பானது. சட்டக் கருத்து ஒன்றை அளித்ததன் தொடர்பில் மூத்த வழக்கறிஞர்களான அரவிந்த் தத்தார், பிரதாப் வேணுகோபால் ஆகியோருக்கு அமலாக்கத்துறை 2025 ஜூன் மாதம் சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. அதன் பின்னர் சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. சாட்சியச் சட்டத்தின் 132ஆவது பிரிவுக்கு முரணாக எந்த வழக்கறிஞருக்கும் சம்மன் அனுப்பக் கூடாது என்றும், விதிவிலக்கின் கீழ் அனுப்ப நேர்ந்தால் துறையின் இயக்குநரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் ஜூன் 20ஆம் தேதி அமலாக்கத்துறை தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

குஜராத் வழக்கறிஞரின் மனு, ஜூன் 25ஆம் தேதி நீதிபதிகள் கே.வி. விஸ்வநாதன், என். கோட்டீஸ்வர் சிங் ஆகியோர் முன்னிலையில் விசாரணைக்கு வந்தது. நோட்டீஸுக்குத் தடை விதித்த நீதிபதிகள், இந்த விவகாரம் நீதி நிர்வாகத்தையே பாதிக்கக்கூடியது எனக் கருதி, அதைத் தலைமை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டு செல்ல உத்தரவிட்டனர். தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா ஆகியோர் அடங்கிய அமர்வு இதை விசாரித்துத் தீர்ப்பளித்தது.

பிரிவு 132 என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் நாட்டில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றுள் இரண்டு இந்த விவகாரத்தில் முக்கியமானவை. கைது, சம்மன், சோதனை, விசாரணை ஆகியவற்றின் நடைமுறைகளைக் கூறுவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. எதைச் சாட்சியமாக ஏற்கலாம், யாரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாம் என்பதைக் கூறுவது பாரதிய சாக்ஷ்ய அதினியம் எனப்படும் சாட்சியச் சட்டம்.

சாட்சியச் சட்டத்தின் 132ஆவது பிரிவு மூன்று விஷயங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. முதலாவது, தொழில்முறைப் பணியின்போதும் அந்தப் பணிக்காகவும் கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் தெரிவித்த தகவல்கள். இரண்டாவது, அந்தப் பணியின் வழியாக வழக்கறிஞர் அறிய நேர்ந்த ஆவணங்களின் உள்ளடக்கமும் நிலையும். மூன்றாவது, கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் அளித்த ஆலோசனை. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் இவற்றை வழக்கறிஞர் வெளியிட அனுமதி இல்லை.

இந்தக் கடமைக்குக் காலவரம்பும் இல்லை. வழக்கு முடிந்து, கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான தொழில்முறை உறவு முடிவுக்கு வந்த பிறகும் அது தொடர்கிறது. வழக்கறிஞரின் குமாஸ்தா, அலுவலகப் பணியாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கும் இதே கடமை உண்டு. மனுவைத் தட்டச்சு செய்தவரை அழைத்து அதில் இருந்ததைக் கேட்டறியும் குறுக்குவழியும் இதனால் அடைபடுகிறது.

இது புதிய சட்டம் கொண்டுவந்த புதிய உரிமை அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 126ஆவது பிரிவாக இருந்ததே இப்போது 132 ஆகியுள்ளது. பழைய சட்டத்தில் பாரிஸ்டர், அட்டர்னி, பிளீடர், வக்கீல் எனத் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்த இடத்தில், புதிய சட்டம் 'அட்வகேட்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆக, சுமார் 150 ஆண்டுகளாக இந்திய நீதிமன்றங்கள் கடைப்பிடித்து வரும் கோட்பாடு இது.

ரகசியம் யாருக்குச் சொந்தம்?

இந்தப் பாதுகாப்பு வழக்கறிஞருக்கு வழங்கப்பட்ட சலுகை என்ற கருத்து பரவலாக உள்ளது. சட்டத்தின் பார்வையில் அது கட்சிக்காரரின் உரிமை. வழக்கறிஞருக்கு இருப்பது, அந்த உரிமையைக் காக்கும் கடமை. ஆகவேதான் ரகசியத்தை வெளியிட விரும்பும் வழக்கறிஞரும் தன் விருப்பப்படி வெளியிட முடியாது. சம்மதம் தர வேண்டியவர் கட்சிக்காரர் மட்டுமே.

கட்சிக்காரருக்கு நேரடியான பாதுகாப்பும் உள்ளது. தன் சட்ட ஆலோசகருடன் நடத்திய ரகசிய உரையாடலை நீதிமன்றத்தில் வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 134ஆவது பிரிவு கூறுகிறது. கட்சிக்காரர் தாமாகவே சாட்சிக் கூண்டில் ஏற முன்வந்தால் மட்டும் நிலைமை மாறும். அப்போதும் அவருடைய சாட்சியத்தை விளக்கத் தேவையான அளவுக்கே உரையாடலை வெளியிடச் சொல்ல முடியும்.

இந்த உரிமைக்குப் பின்னால் அரசமைப்புச் சட்டமும் நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3)ஆவது பிரிவு. கைதானவர் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் வாதாடவும் உரிமை தருகிறது 22(1)ஆவது பிரிவு. காவல்துறை அதிகாரியிடம் குற்றம் சாட்டப்பட்டவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்க சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை விதிக்கிறது. கட்சிக்காரரிடம் இருந்து நேரடியாகப் பெற முடியாத ஒன்றை அவருடைய வழக்கறிஞரை விசாரித்துப் பெற முடியுமானால், இந்த மூன்று பாதுகாப்புகளும் ஏட்டளவில் மட்டுமே எஞ்சும்.

எங்கே பாதுகாப்பு இல்லை?

வழக்கறிஞரிடம் சொல்லப்படும் எல்லாமே ரகசியம் ஆகிவிடாது. 132ஆவது பிரிவே இரண்டு விதிவிலக்குகளை வகுத்துள்ளது. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட தகவலுக்குப் பாதுகாப்பு இல்லை. தான் பணியை ஏற்ற பிறகு ஒரு குற்றமோ மோசடியோ நடந்துள்ளதைக் காட்டும் உண்மையை வழக்கறிஞர் கவனித்திருந்தால், அதற்கும் பாதுகாப்பு இல்லை. அந்த உண்மையைக் கட்சிக்காரர் சுட்டிக்காட்டினாரா, வழக்கறிஞர் தாமே கண்டாரா என்பது பொருட்டல்ல.

இந்த எல்லையைப் புரியவைக்க சட்டத்திலேயே எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. போலி ஆவணம் தயாரித்த ஒருவர் வழக்கறிஞரிடம் வந்து, தான் அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, தனக்காக வாதாடக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது. எனவே அந்த உரையாடல் பாதுகாக்கப்படுகிறது. மாறாக, போலிப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்து வழக்குத் தொடுத்து நிலத்தைக் கைப்பற்றித் தரும்படி ஒருவர் கேட்டால், அந்த உரையாடலுக்குப் பாதுகாப்பு கிடையாது.

மூன்றாவது எடுத்துக்காட்டு கையாடல் வழக்கு பற்றியது. கையாடல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் தன் கணக்குப் புத்தகத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறார். வழக்கை ஏற்றபோது அதில் இல்லாத ஒரு பதிவு பின்னர் சேர்க்கப்பட்டிருப்பதை வழக்கறிஞர் கவனிக்கிறார். பணியை ஏற்ற பிறகு நடந்த மோசடி என்பதால் இதற்குப் பாதுகாப்பு இல்லை.

நடந்து முடிந்த செயலுக்காக நீதிமன்றத்தில் தற்காத்துக்கொள்ள உதவி கேட்பது வேறு, நடக்கவிருக்கும் குற்றத்துக்கு வழக்கறிஞரைக் கருவியாக்குவது வேறு. சட்டம் முதலாவதைக் காக்கிறது, இரண்டாவதைக் கைவிடுகிறது. வழக்கறிஞரே குற்றச் செயலில் பங்கேற்றிருந்தால், அவர் அணிந்துள்ள கறுப்பு அங்கி அவரைக் காப்பாற்றாது.

விசாரணை அதிகாரியின் அதிகாரம் எதுவரை?

வழக்கின் விவரங்களை அறிந்தவராகத் தோன்றும் எவரையும் எழுத்துப்பூர்வ உத்தரவின் மூலம் நேரில் வரவழைக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. வழக்கறிஞர்களுக்கு அதில் தனி விலக்கு எதுவும் இல்லை.

சிக்கலுக்கு அடிப்படைக் காரணம் இதுவே. நடைமுறைச் சட்டத்தை மட்டும் வாசித்தால், வழக்கறிஞரும் வழக்கை அறிந்த இன்னொரு நபராகவே தெரிவார். அவரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம்.

அமலாக்கத்துறைக்கு இந்த அதிகாரம் வேறு சட்டத்தின் வழியாக வருகிறது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவின் கீழ் அழைக்கப்படுபவர் ஆஜராகி உண்மையைக் கூறக் கடமைப்பட்டவர். இந்தப் பிரிவு செல்லும் என்று 2022 ஜூலை 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அமலாக்கத்துறை அதிகாரிகள் காவல்துறை அதிகாரிகள் அல்லர் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. இத்தகைய வலுவான அதிகாரம் வழக்கறிஞரை நோக்கித் திரும்பியதே 2025ஆம் ஆண்டின் எதிர்ப்புக்கு வேகம் கூட்டியது.

உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறை

குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராகும் வழக்கறிஞருக்கு, வழக்கின் விவரங்களை அறியும் நோக்கில் விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது என்று தீர்ப்பு தெளிவாகக் கூறுகிறது. 132ஆவது பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வரும் நிலையில் மட்டுமே சம்மன் அனுப்ப முடியும்.

அப்போதும் நிபந்தனைகள் உண்டு. எந்த உண்மைகளின் அடிப்படையில் விதிவிலக்கு பொருந்துகிறது என்பதைச் சம்மனிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத உயர் அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த உயர் அதிகாரி, விதிவிலக்கு பொருந்துவதாகத் தான் கருதுவதற்கான காரணத்தை சம்மன் அனுப்பப்படும் முன்பே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சம்மன் பெற்ற வழக்கறிஞரோ அவருடைய கட்சிக்காரரோ அதை எதிர்த்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சம்மனில் காரணம் எழுதப்பட்டிருப்பதன் பயன் இங்கேதான் தெரியவரும். காரணம் எழுத்தில் இருந்தால்தான் அது சரியா தவறா என்று நீதிமன்றம் பரிசீலிக்க முடியும்.

நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்பதில்லை. வழக்கு தொடங்கும் முன் ஆலோசனை கூறுபவருக்கும், வழக்கே இல்லாத விவகாரங்களில் சட்டக் கருத்து அளிப்பவருக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பு கூறுகிறது. குஜராத் வழக்கறிஞருக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆவணங்களுக்கும் இதே பாதுகாப்பு உண்டா?

இல்லை என்பதே தீர்ப்பின் விடை. ஓர் ஆவணத்தில் என்ன உள்ளது என்று வழக்கறிஞரை வாய்மொழியாகச் சொல்லவைக்க முடியாது. ஆனால் வழக்கறிஞரிடமோ கட்சிக்காரரிடமோ உள்ள ஆவணத்தை ஒப்படைக்கச் சொல்வதை 132ஆவது பிரிவு தடுக்காது. கட்சிக்காரர் தன் கணக்குப் புத்தகத்தை வழக்கறிஞரின் அலமாரியில் வைத்துவிட்டால், அது சட்டத்தின் கைக்கு எட்டாத பொருளாகிவிடாது.

அதே வேளையில், அந்த ஆவணத்தை எங்கே ஒப்படைப்பது என்பதில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு விதித்துள்ளது. 94ஆவது பிரிவின் கீழ் ஆவணம் கோரப்பட்டால், அதை நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால், வழக்கறிஞரையும் கட்சிக்காரரையும் கேட்ட பின்னர் நீதிமன்றம் முடிவு செய்யும். ஆட்சேபம் இருந்தாலும் ஆவணத்தைக் கொண்டுவர வேண்டும், ஆட்சேபத்தின் தகுதியை நீதிமன்றமே தீர்மானிக்கும் என்ற சாட்சியச் சட்டத்தின் 165ஆவது பிரிவே இதற்கு அடிப்படை.

செல்போனும் மடிக்கணினியும்

ஒரு வழக்கறிஞரின் மடிக்கணினியில் ஒரே ஒரு கட்சிக்காரரின் கோப்பு மட்டும் இருப்பதில்லை. விவாகரத்து கோரும் பெண்ணின் மனு, சொத்துத் தகராறின் ஆவணங்கள், கொலை வழக்கின் குறுக்கு விசாரணைக் குறிப்புகள் என அனைத்தும் அதே கருவியில் இருக்கும். ஒரு வழக்குக்காக அந்தக் கருவி கைப்பற்றப்பட்டால், அந்த வழக்குடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத பலரின் ரகசியங்கள் திறந்துவிடும்.

இதைக் கருத்தில் கொண்டு உச்ச நீதிமன்றம் தனி நடைமுறை வகுத்தது. வழக்கறிஞரின் மின்னணுக் கருவியைத் தாக்கல் செய்ய விசாரணை அதிகாரி உத்தரவிட்டால், அதை எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். தொடர்புடைய கட்சிக்காரருக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பி, அவரது ஆட்சேபத்தையும் வழக்கறிஞரின் ஆட்சேபத்தையும் கேட்க வேண்டும்.

ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டால், இருவரின் முன்னிலையில்தான் கருவியைத் திறக்க வேண்டும். தாங்கள் விரும்பும் தொழில்நுட்ப வல்லுநரின் உதவியை அவர்கள் பெறலாம். விசாரணை அதிகாரி கோரிய, ஏற்கத்தக்க தகவலை மட்டுமே எடுக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் வெளிப்படாமல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் சட்ட அலுவலர்கள்

நிறுவனங்களில் முழுநேர ஊதியத்தில் பணியாற்றும் சட்ட ஆலோசகர்களுக்கு 132ஆவது பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பு கூறுகிறது. அவர்கள் நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞர்கள் அல்லர் என்பதே காரணம். தங்கள் நிறுவனத்தின் வெளி வழக்கறிஞருடன் அவர்கள் நடத்தும் தகவல் பரிமாற்றத்துக்கு 134ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு. ஆனால் நிறுவனத்துக்கும் அதன் சட்ட அலுவலருக்கும் இடையிலான உரையாடலுக்கு அது நீளாது.

132ஆவது பிரிவு வழக்கறிஞருக்கு மட்டுமே உரியது. ஆடிட்டரிடம் பகிர்ந்த தகவலோ, நண்பரிடமோ உறவினரிடமோ தனியாகச் சொன்னதோ இந்தப் பிரிவின் கீழ் வராது. அவர்களைச் சாட்சியாக அழைக்க இப்பிரிவு தடையாக இருக்காது.

ரகசியத்தை வழக்கறிஞரே மீறினால்?

கடமையை மீறும் வழக்கறிஞர் தப்பிவிட முடியாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்துள்ள நடத்தை விதிகள், கட்சிக்காரரின் ரகசியத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளியிடுவதைத் தடை செய்கின்றன. தொழில்முறை ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டால், அச்சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் நடத்தத் தடை விதிக்கலாம், அல்லது வழக்கறிஞர் பட்டியலில் இருந்தே பெயரை நீக்கலாம்.

சம்மன் பெறும் வழக்கறிஞரின் இக்கட்டு இங்கேதான் உள்ளது. பேசினால் தொழிலை இழக்க நேரிடும், பேசாவிட்டால் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாக நேரிடும். அத்தகைய நிலைக்கு வழக்கறிஞரைத் தள்ளுவதே சட்டத்துக்கு முரணானது என்பதைத் தீர்ப்பு உறுதிப்படுத்துகிறது.

நீதிமன்றம் ஏற்காத கோரிக்கை

மருத்துவர்கள் மீதான கவனக்குறைவுப் புகார்களில் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. அதுபோல, வழக்கறிஞர்களுக்கு சம்மன் அனுப்பும் முன் சட்ட வல்லுநர்கள் குழுவோ மாஜிஸ்திரேட்டோ பரிசீலிக்க வேண்டும் என்ற கோரிக்கை முன்வைக்கப்பட்டது. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்திலேயே போதுமான பாதுகாப்பு உள்ளது, அதைச் சரியாகக் கடைப்பிடித்தால் போதும் என்பது அமர்வின் நிலைப்பாடு.

இதனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சம்மனுக்கு ஒப்புதல் தருபவரும் அதே புலனாய்வு அமைப்பைச் சேர்ந்த உயர் அதிகாரியே. அந்த ஒப்புதல் உண்மையான பரிசீலனையாக அமையுமா, வெறும் கையெழுத்தாக முடியுமா என்பது இனி வரும் வழக்குகளில்தான் தெரியும். தவறான சம்மனை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல நகரத்து மூத்த வழக்கறிஞருக்கு வழி தெரியும். தாலுகா நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் இளம் வழக்கறிஞருக்கு அது எளிதல்ல. அவரிடம் வரும் கட்சிக்காரர்களின் உரிமையும் அதைப் பொறுத்தே அமையும்.

பொதுமக்கள் அறிய வேண்டியவை

கைதாகும் எவரும் விசாரணையின்போது தான் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. விசாரணை நடக்கும் முழு நேரமும் வழக்கறிஞர் உடனிருக்க இது வழி செய்யாது. எனினும் சந்திப்பையே மறுக்க முடியாது. 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலும் இந்த உரிமை இடம்பெற்றுள்ளது.

வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இலவச சட்ட உதவி அளிக்கிறது. காவலில் உள்ளவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இதைப் பெறலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணில் இதற்காகத் தொடர்புகொள்ளலாம். கட்டணம் பெறாமல் வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞரும் வழக்கறிஞரே. அவரிடம் சொல்லப்படும் தகவலுக்கும் 132ஆவது பிரிவின் அதே பாதுகாப்பு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

பாதியை மறைத்துச் சொல்லும் கட்சிக்காரருக்காக எந்த வழக்கறிஞராலும் முழுமையாக வாதாட முடியாது. நாளை தனக்கு எதிரான சாட்சியாக இவரே நிற்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், எந்தக் கட்சிக்காரரும் முழு உண்மையைச் சொல்லத் துணிய மாட்டார். அப்பாவிக்கும் இது பொருந்தும். எந்தத் தகவல் தன்னைக் காப்பாற்றும், எது சிக்கவைக்கும் என்று சட்டம் அறியாதவர் தாமாகப் பிரித்துப் பார்க்க இயலாது. முழுவதையும் சொன்னால்தான் வழக்கறிஞர் அதைப் பிரித்துப் பார்க்க முடியும். அப்படிச் சொல்வதற்கான நம்பிக்கையைத்தான் 1872 முதல் சட்டம் காத்து வருகிறது.